மூத்தவர் கொடுத்த நாலு மெமரி

சனிக்கிழமை காலையில் வினார்சி சிலிக்கா மணிகளை வறுப்பாள். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும், தின்னாதே என்று அச்சடித்த சின்னப் பொட்டலங்களைப் பிரித்து, மணிகளை இரும்புச் சட்டியில் கொட்டி, சிறுதீயில் கிளறுவாள். ஈரம் குடித்து ரோஸ் நிறமாகிக் கிடந்தவை அரைமணி நேரத்தில் நீலத்துக்குத் திரும்பும். ஆறியதும் பழைய காலுறைகளில் போட்டு முடிந்து, பிஸ்கட் டின்களுக்குள் வைத்து மூடுவாள்.

டின்களில் பிஸ்கட் கிடையாது. முப்பத்தோரு ஹார்டு டிஸ்க் இருந்தன. பதினெட்டு வருஷத்தில் சோலோ ஊரில் நடந்த கல்யாணங்களில் அவள் கணவர் தர்சோனோ படம் பிடித்தவை அத்தனையும் அதற்குள். அவர் பிடிப்பார், அவள் வெட்டி ஒட்டுவாள். கல்யாணத்தன்று அவள் போவதே இல்லை. ஆனால் எந்தப் பெண்ணின் அம்மா எந்த நிமிஷத்தில் அழுவாள், எந்த மாமா சாப்பாட்டு வரிசையில் இரண்டு தடவை நிற்பார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் எண் எழுதி, எந்த எண்ணில் யார் கல்யாணம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். எங்கள் சந்தில் தெருக்கூட்டத்துக்கு வராத ஒரே பெண் அவள். வீட்டுக்கு யார் போனாலும் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு டீ போட எழுந்துவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒன்பதாம் எண் டிஸ்க் செத்துப் போனது. அதில் இபு குஸ்தினி மகளின் கல்யாணம் இருந்தது. சந்து முனையில் காலையில் தேங்காய்ப்பால் சோறு விற்பாரே, அந்த இபு குஸ்தினி; இபு என்றால் எங்கள் ஊரில் அம்மா. பேரன் பிறந்ததும் இன்னொரு காப்பி கேட்டார். வினார்சி, "தேடிக்கிட்டிருக்கேன், இபு, இன்னும் கிடைக்கல" என்றாள். எட்டு மாதம் அதையே சொன்னாள். பிறகு இபு குஸ்தினி கேட்பதை நிறுத்திவிட்டார். சோற்றின் மேல் அரை முட்டை கூடுதலாக வைக்க ஆரம்பித்தார். அந்த முட்டையைத் தாங்க முடியாமல் வினார்சி பெரிய ரோட்டைத் தாண்டிப் போய் வேறொரு கடையில் சோறு வாங்கினாள்.

போன மழைக்காலத்தில் பதினேழாம் எண்ணிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. அதில் மூன்று கல்யாணம். அதில் கடைசியாகப் பதிந்தது ஒரு டெய்லர் குடும்பத்தினுடையது. டெய்லர் இறந்து ஆயிரமாவது நாள் சடங்கு அடுத்த மாதம். அப்பா நடமாடுகிற படம் அது ஒன்றுதான், ஒரு காப்பி வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"இன்னொரு தடவை ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னு இன்னும் கிடைக்கலன்னு என்னால சொல்ல முடியாது, பாக்" என்றாள் கணவரிடம். கணவரை அவள் பாக் என்றுதான் கூப்பிடுவாள்.

"புதுசா ஒரு டிஸ்க் வாங்கி அதுல போடு."

"அதுவும் ஒருநாள் சாகும். எல்லாம் ரெண்டு எடத்துல இருக்கணும். நாலு டிஸ்க் போடற மாதிரி ஒரு பெட்டி. எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல இருக்கும். நாமளே கட்டிக்கலாமாம்."

"கட்டு. கேமரா தவிர எனக்கு எதுவும் தெரியாது. அதுவும் பாதிதான் தெரியும்."

கட்டலாம்தான். எதை வைத்துக் கட்டுவது என்பதில்தான் தலை சுற்றியது. இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்து கேட்டாள். பழைய லேப்டாப் போதும் என்றார் ஒருவர். அதில் செய்தால் எல்லாம் அழிந்துபோகும் என்றார் அடுத்தவர். பிழை திருத்தும் மெமரி இல்லாமல் தொடவே கூடாது என்று ஒருவர் ஒரு பக்கம் எழுதினார். அது இல்லாமலே பத்து வருஷமாக ஓட்டுகிறேன் என்று இன்னொருவர் சிரிக்கும் முகம் போட்டார். ஒரே அளவு, ஒரே கம்பெனி டிஸ்க்கிலேயே ஒரு வகை ஆகும், இன்னொரு வகை ஆகாதாம். எது எது என்று டிஸ்க்கின் மேல் எழுதியிருக்காதாம். வினார்சி ஒரு தாளில் கோடு போட்டு, ஆகும் என்று ஒரு பக்கமும் ஆகாது என்று ஒரு பக்கமும் எழுதினாள். இரண்டு நாளில் எல்லாப் பொருளும் இரண்டு பக்கமும் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் தர்சோனோவின் அண்ணன் விர்யோ வந்தார். ஒரு கூட்டுறவு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் மூத்தவர். வினார்சி அவரை மாஸ், அதாவது அண்ணன் என்பாள்; அவர் அவளைத் தங்கை முறை வைத்து டிக் வின் என்பார். பழைய ரொட்டி டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்துத் திறந்தார். பஞ்சில் சுற்றி நாலு மெமரிப் பட்டைகள் இருந்தன.

"ஆபீஸ் சர்வர்ல இருந்தது, டிக் வின். ராத்திரி பகல் ஓடினது. ஒருநாளும் மக்கர் பண்ணல. பெட்டி கட்டறேன்னு தம்பி சொன்னான். உனக்கு உதவுமான்னு பாரு."

"ஐயோ, மாஸ், இவ்வளவு நல்ல சாமானை..."

"எங்கிட்ட சும்மாதானே கெடக்குது."

வினார்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தாளில் மெமரி என்ற வரியை அடித்துவிட்டு, இருக்கிறது என்று எழுதினாள். ஒரு வரி குறைந்ததில் அவளுக்கு நிம்மதிகூட.

கம்ப்யூட்டர் உதிரிக் கடைகள் வரிசையாக இருக்கும் மாடிக் கட்டடத்தில் கோ ஹியன் கடைக்கு அந்தத் தாளோடு போனாள். சீனக் கடைக்காரர்களை அண்ணன் முறை வைத்து எங்கள் ஊரில் கோ என்போம். கோ ஹியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"மெமரி இருக்கா, இபு?"

"இருக்கு, கோ. நாலு."

"நாலாம் தலைமுறைதானே?"

"அப்படித்தான் அதுல போட்டிருக்கு."

"அப்புறம் என்ன கவலை?" என்று சொல்லி, சின்னதாக, கரண்ட் கொஞ்சமாக இழுக்கிற ஒரு போர்டும் அதற்கேற்ற கூடும் கட்டிக் கொடுத்தார். டிஸ்க் மட்டும் அவரிடம் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் சர்வரிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய டிஸ்க்கை மலிவாகக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினாள். அந்த டிஸ்க்குகளின் வாயில் கேபிள் ஏறவில்லை. நடுவில் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிச் சுவர் இருந்தது. நகத்தால் தடவிப் பார்த்தாள். உடைந்து ஒட்டியதில்லை, செய்ததே அப்படி. மெமரியோ டக்கென்று வாகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. நாலையும் கழற்றி ஒன்றை மட்டும் போட்டாள். கறுப்பு. ரப்பரால் மெமரியின் கால்களைத் துடைத்துப் போட்டாள். கறுப்பு. ஓடும் என்று கொடுத்தது பொருந்தவில்லை. பொருந்தினது ஓடவில்லை. கீழே பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குச் சோறு போட்டியா?" என்றார் தர்சோனோ.

"பேசாம இருங்க, பாக்."

டிஸ்க்கைப் பக்கத்துக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். அது வேறு சாதி வாய், இபு, தெரிந்துதான் வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன் என்றார். மெமரியைக் கோ ஹியன் விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். இரண்டு நொடி போதும், அவருக்கு விளங்கியிருக்கும்.

"இது எங்க வாங்கினீங்க, இபு?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன் குடுத்தாங்க."

"அண்ணனா." கோ ஹியன் பட்டையைத் துணிமேல் மெதுவாக வைத்தார். "ரொம்ப நல்ல மெமரி. உயர்ந்த சாமான்."

"அப்புறம் ஏன் கோ ஓடல?"

"ஓடும். இந்தப் போர்டுல இன்னும் ஓடல. போர்டு சின்னப் பையன் மாதிரி. இது பெரிய மனுஷங்க மெமரி."

"அப்ப மெமரிய மாத்தணுமா, போர்ட மாத்தணுமா?"

"ரெண்டும் பண்ணலாம்."

"எது நல்லது?"

"அண்ணன் குடுத்ததுன்னு சொல்றீங்களே" என்றார் கோ ஹியன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே வினார்சி வீட்டுக்கு வந்தாள். சாதாரண மெமரி இரண்டு வாங்கினால் அன்றைக்கே ஓடியிருக்கும். விலையும் பெரிதில்லை. அது அவளுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது, குழுவில் ஒருவர் தெளிவாக எழுதியிருந்தார். ஆனால் மாஸ் விர்யோ வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணி, "என்ன, டிக், ஓடுதா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை, மாஸ்" என்றாள். அடுத்த வாரமும் கேட்டார். எங்கள் ஊரில் இன்னும் இல்லை என்று எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆகாது என்று ஒருமுறை சொல்வதுதான் கஷ்டம்.

"உங்கண்ணன் மெமரி ஆகாதுன்னு நீங்க சொல்லுங்களேன்" என்று தர்சோனோவிடம் கேட்டாள்.

"நானா? நான் அவருக்குத் தம்பி."

"நான் தம்பி பொண்டாட்டி."

"அப்ப ரெண்டு பேரும் சொல்ல முடியாது" என்று கேமரா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆகவே அவள் மெமரியை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினாள். அந்த மெமரி ஏற்கும் பெரிய போர்டு, அதற்குப் பழைய சர்வர் ப்ராசசர். பெரிய போர்டு சின்னக் கூட்டில் நுழையவில்லை, ஆகவே பெரிய கூடு. ப்ராசசர் கொதித்தது, ஆகவே தேங்காய் அளவு விசிறி. பழைய பவர் பெட்டியில் ஒரு வாய் குறைந்தது, ஆகவே வேறு பவர் பெட்டி. ஒவ்வொரு முறையும் கோ ஹியன், "இது பொருந்தும், இபு" என்றார். பொருந்தவும் செய்தது. ஒன்று பொருந்தியதும் அதற்கு முந்தினது பொருந்தாமல் போனது. மூன்று வாரம் ஓடிவிட்டது. பதினேழாம் எண் டின்னுக்குள் காத்திருந்தது.

கடைசியில் ஒருநாள் திரையில் வெளிச்சம் வந்தது. நாலு மெமரியையும் எண்ணிக் காட்டியது. வினார்சி அதைப் படம் பிடித்து மாஸ் விர்யோவுக்கு அனுப்பினாள். கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது.

எங்கள் சந்தில் எல்லாருக்கும் தொள்ளாயிரம் வாட் கரண்ட் இணைப்புத்தான். சோறு வேகும் கரண்ட் பானையும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாகப் போட்டால் மீட்டர் சுவிட்ச் விழுந்துவிடும். தண்ணீர் மோட்டார் தானே கிளம்பும் வகை. குழாயைத் திறந்தால் போதும், கிளம்பும்போது வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை கண் சிமிட்டும். இந்தப் பெரிய பெட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வினார்சி முதல் நாளே பார்த்துவிட்டாள். குழாயைத் திறந்தாள், வீடே இருட்டானது. கரண்ட் போனாலும் தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று தாளின் கடைசி வரியில் எழுதினாள். அதற்கு அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும். பதினேழாம் எண் அடுத்த மாதம் வரை பொறுக்குமா என்று யாருக்கும் தெரியாது.

சரி, ஒருநாள் தண்ணீர் இல்லாமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன்பே வாளி, தொட்டி, குடம் எல்லாம் நிரப்பினாள். சோறு கேஸில். இஸ்திரி கிடையாது. குழாய் எதையும் திறக்காதீர்கள் என்று தர்சோனோவிடம் மூன்று தடவை சொன்னாள். அவர் வாளியில் குளித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரி நான், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். பெட்டி கப்பல் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. பதினேழாம் எண் துடித்துத் துடித்து ஒவ்வொரு கோப்பாகக் கொடுத்தது. பத்தொன்பது கோப்பு. மாலை ஐந்து வரை ஆகும் என்று திரை சொன்னது. பிறகு ஏழு என்றது. மறுபடி நாலரை என்றது.

"எதைத்தான் நம்பறது?" என்றேன்.

"அதுக்கே தெரியல, மபாக்" என்றாள் வினார்சி. என்னை அக்கா என்று கூப்பிடுவது அப்படித்தான்.

மூன்று மணி வாக்கில் மாஸ் விர்யோ ஸ்கூட்டரில் வந்தார். அரிசி ஆப்பம் ஒரு பை கொண்டுவந்திருந்தார். நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"இதுக்குள்ளயா இருக்கு?" என்று கூட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார். "நல்ல சூடு."

"ஓடிக்கிட்டிருக்கு, மாஸ்."

"எத்தனை வந்துது?"

"பதினொண்ணு. டெய்லர் வீட்டுக் கல்யாணத்துல முந்தின நாள் நீராட்டு வந்துருச்சு. இப்ப கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிக்குது."

"நல்லது, நல்லது." டீயில் பாதியைக் குடித்தார். வெளியே மசூதியில் பாங்கு சொன்னார்கள். "தொழணும், கை கால் கழுவி ஒளு எடுக்கணும், டிக். பின்னால குழாய்தானே?"

வினார்சி எழுந்துவிட்டாள். "குழாய் இருக்கு, மாஸ். வாளியிலயும் தண்ணி ரொப்பி வெச்சிருக்கேன். கிண்ணமும் அங்கேயே இருக்கு."

"வேண்டாம், அது நீங்க குளிக்கிற தண்ணி."

"பரவால்ல, மாஸ். நெறைய இருக்கு."

"உங்க தண்ணிய நான் ஏன் காலி பண்ணணும்? குழாயே போதும்."

"வாளித் தண்ணி சில்லுனு இருக்கும், மாஸ்."

"நீ உக்காரு, டிக் வின். எனக்காக ஒண்ணும் சிரமப்படாத."

அவர் பின்பக்கம் போனார். வினார்சி இரண்டடி அவர் பின்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். அடுப்படியிலிருந்து எனக்கு அவள் முதுகு தெரிந்தது. திறக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. என்னாலும் சொல்லியிருக்க முடியும். நானும் சொல்லவில்லை.

மோட்டார் ஒருமுறை உறுமியது. விளக்கு போனது. பெட்டியின் இரைச்சல் மெல்ல இறங்கி, ஒரு பெருமூச்சோடு நின்றது.

"கரண்ட் போயிருச்சு போல" என்று பின்னாலிருந்து மாஸ் விர்யோவின் குரல் வந்தது. குழாயில் மீதி வந்த தண்ணீரில் அவர் நிதானமாகக் கால் கழுவும் சத்தம் கேட்டது.

வினார்சி வாசலுக்குப் போய் மீட்டரைத் தூக்கிவிட்டாள். பெட்டி மறுபடி எழுந்து, நாலு மெமரியையும் எண்ணி, எல்லாம் சரி என்றது. பதினேழாம் எண் சுற்ற முயன்றது. டிக், டிக், டிக். நின்றது. மறுபடி டிக், டிக், டிக். கேபிளைக் கழற்றி மாட்டினாள். வேறு வாயில் மாட்டினாள். கையில் எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டாள். திரையில் அதன் பெயரே வரவில்லை. நடு அறையில் மாஸ் விர்யோ தொழுது முடிக்கும்வரை இதையே செய்துகொண்டிருந்தாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். "கரண்ட் வந்துருச்சா? என் மெமரிக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகல, மாஸ்."

"இது என்ன சத்தம்?"

"பதினேழாம் நம்பர்."

அவர் இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர். அந்தச் சத்தத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி, டிக்? இந்த லைன் தாங்காது. சின்னதா ஒண்ணு கட்டியிருக்கலாமே."

"சின்னதுதான் முதல்ல கட்டினேன், மாஸ்."

"அப்புறம்?"

"அதுல உங்க மெமரி ஓடல."

சொல்லிவிட்டாள். நான் அடுப்படியில் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். மாஸ் விர்யோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"இந்த மெமரி எனக்கே வேண்டாம், டிக் வின்" என்றார். "ரிடையர் ஆன அன்னிக்கு ஆபீஸ் பசங்க பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. வீட்ல வெச்சு என்ன பண்றதுன்னு அவங்ககிட்ட கேக்க முடியல. என் பொண்டாட்டி தூக்கிப் போடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீ பெட்டி கட்டறேன்னதும் கொண்டுவந்தேன். சாதாரண போர்டுல இது ஓடாதோன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துது. ஓடலன்னா நீ வேண்டாம்னு சொல்லிருவேன்னு நெனச்சேன்."

வினார்சி பதினேழாம் எண்ணின் கேபிளைப் பிடுங்கினாள். டிக் டிக் நின்றது. பெரிய விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"டெய்லர் வீட்ல எப்ப சடங்கு?" என்று கேட்டார்.

"வர்ற இருவத்தி ரெண்டாம் தேதி."

"நீராட்டுல டெய்லர் இருக்காரா?"

"மகளுக்குத் தண்ணி ஊத்தறாரு. முதுகுதான் தெரியுது."

அவர் தலையை ஆட்டினார். ஆப்பப் பை பிரிக்காமல் மேஜைமேல் இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"முதல் நாளே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, டிக். ஏன் சொல்லல?"

வினார்சி அவர் முன்னால் இருந்த தம்ளரை எடுத்தாள். அதில் பாதி டீ இருந்தது. "டீ ஆறிப்போச்சு, மாஸ், வேற போட்டுக்கிட்டு வரேன்" என்று அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.